மரக்கட்டைப் பரீட்சை

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரம். மரக்கட்டைகளைப் பலகையிலுள்ள குழிகளில் சரியாகப் பொருத்த வேண்டும். வேலைக்கு அதுதான் பரீட்சை. விடிந்தால் கூலிக்கு அலைகிற தானியேல், முக்கோணக் கட்டையை வட்டக் குழியில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். பக்கத்து மேசைத் தேசப்பன் மளமளவென்று முடித்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா தானி, பச்சப்புள்ளகூட வெக்குமே! சரியான மண்டுய்யா நீ!"

அதிகாரி இருவரையும் பார்த்தார். "தேசப்பன், நீ போகலாம். தானியேல், நாளையிலிருந்து வேலைக்கு வா."

தேசப்பன் விழித்தபடி வெளியேறினான். தானியேல் எதிரிலேயே அதிகாரி மேஸ்திரியிடம் சொன்னார்: "மூளை உள்ளவன் நாளெல்லாம் ஒரே மிஷினில் நிற்கமாட்டான். கேள்வி கேட்பான், சங்கம் வைப்பான். இந்த மாதிரி மண்டுதான் நமக்கு நிலைக்கும்."

ஆரம்பாக்கத்து வீட்டில் தானியேலின் மனைவி சாராளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஏசப்பா கண்ணத் தொறந்துட்டாரு! நீ இன்னாய்யா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறே?"

"போன மாசம் செவ்வாப்பேட்டை கம்பெனியில இதே கட்டைங்கள கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வெச்சேன். ஊட்டுக்குப் போன்னு அனுப்சிட்டாங்க. அப்பத்தான் கத்துக்கினேன்."

சாராள் வாயைப் பிளந்தாள். "அப்போ வேணும்னேதான் தப்பா வெச்சியா? பெரிய கெட்டிக்காரன்யா நீ!"

அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

"மெள்ளப் பேசு. பக்கத்து ஊட்டுக்காரன் அதே கம்பெனி. ரிட்டையர் ஆவுற வரைக்கும் நான் மண்டுதான்."