உப்பு வாளி

"ஐசே சுரேஸ், இந்தப் பேட்டரியை வெயிலிலை வைச்சனீரோ?"

கொலை விசாரிக்கிற பொலிஸ்காரர்கூட இவ்வளவு கடுமையாகக் கேட்டிருக்க மாட்டார். பரமலிங்கம் சாருக்குப் பதுளை அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம். குட்டி விமானம் பறக்கவிடும் கழகத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம்: பாதுகாப்புச் செயலாளர்.

சுரேஸ் தலையைச் சொறிந்தான். பசறையில் ஆட்டோ ஓட்டுகிறவன்; தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், குடியிருப்பவன். மீன் பெட்டியின் வெள்ளை நுரைப்பலகையான ரெஜிபோமை வெட்டி அவன் செய்த விமானம் இன்னும் லேசாக மீன் நாறும். ஆனால் மேலே ஏறிவிட்டால் கழகத்தில் ஒருவனும் கிட்ட வர முடியாது. கட்டாரிலிருந்து அண்ணன் அனுப்பிய இந்த ஒரே பேட்டரிதான் அதற்கு உயிர்.

"நான் வைக்கலீங்க சார். சம்சாரம்தான்... டோர்ச் பேட்டரியோட சேத்து லயத்துக் கூரையில காய வச்சிருச்சு. வெயில் பட்டா தெம்பு வரும்னு."

மைதானமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் செத்த டோர்ச் பேட்டரிக்கு வெயில்தான் வைத்தியம். அது வேறு கதை.

"இது லித்தியம் ஐசே! சூடு பட்டால் வீங்கும். வீங்கினால் தீப்பிடிக்கும். உம்மடை லயமே எரிஞ்சு போகும்!" சார் பேட்டரியை அமுக்கிப் பார்த்தார். "வீங்கிட்டுது."

சுரேசும் அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. கச்சேரி விரலுக்குத் தெரிவது ஆட்டோ விரலுக்குத் தெரியுமா என்று விட்டுவிட்டான்.

"வீங்கினதை உப்புத் தண்ணியிலை போட்டுச் சாக்காட்டவேணும். அதுதான் கழகத்துச் சட்டம்."

சாரின் சிவப்பு வாளிக்குள் பேட்டரி 'ப்ளக்' என்று விழுந்தது. திருஷ்டி படக்கூடாது என்று மனைவி விஜயலெட்சுமி அதன் நெற்றியில் கியூடெக்ஸால் வைத்த பொட்டு, தண்ணீருக்குள்ளிருந்து அவனையே பார்த்தது.

"செத்ததை நான் வீட்டை கொண்டுபோய்ப் பத்திரமாய்ப் புதைக்கிறன். உமக்குத் தண்டனை, அடுத்த கிழமை நீர்தான் வாளிக்கு உப்புக் கொண்டு வரவேணும்."

அன்றைய பந்தயத்தில் சுரேஸ் வேடிக்கை பார்த்தான். கோப்பை சாருக்குப் போனது.

ஆத்திரத்தை எங்கே இறக்குவது? லயத்தில் இறக்கினான்.

"ஒன்னாலதான்டி எல்லாம் போச்சு! ஒன்னை யாரு அதைத் தொடச் சொன்னா?"

"ஒங்க பிளேன் இன்னும் கொஞ்ச நேரம் பறக்கட்டுமேன்னுதாங்க வச்சேன்," என்று விஜயலெட்சுமி அழுதாள். அவள் போட்ட சோற்றை அவன் தொடவில்லை.

மறுநாள் பின்னேரம் பதுளைக்குச் சவாரி கிடைத்தது. அப்படியே உப்புப் பக்கற்றோடு சார் வீட்டுக்குப் போனான். லயம் எரியாமல் காப்பாற்றிய மனுஷன் என்ற மரியாதையும் மனதுக்குள் வந்திருந்தது.

சாரின் மனைவி லீலாதேவி கதவைத் திறந்தார். "வாரும் தம்பி. அவர் குளிக்கிறார். என்ன விஷயம்?"

"வாளிக்கு உப்புங்கம்மா. சார் கொண்டாரச் சொன்னாரு."

"உப்போ? அது என்னத்துக்கு? அவர் எப்பவும் பச்சைத் தண்ணிதானே பிடிச்சுக்கொண்டு போறவர்!"

சுரேசின் பார்வை அவரைத் தாண்டி உள்ளே போனது. கூடத்து மூலையில் மணல் போட்ட மண்சட்டி. சுற்றிவர எரியக்கூடிய ஒரு துணிகூடக் கிடையாது. சட்டிக்குள், சிவப்புப் பொட்டோடு, அவனுடைய பேட்டரி சமர்த்தாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

விஜயலெட்சுமி அழுத முகம்தான் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று உள்ளே நடந்தான்.

"ஐயோ தம்பி, கிட்டப் போகாதையும்!" லீலாதேவி பதறிப்போனார். "சார்ஜ் ஏறி முடியுமட்டும் என்னைக் காவலுக்கு வைச்சிட்டெல்லோ குளிக்கப் போனவர். பாதுகாப்பு விஷயத்திலை அவர் சரியான நேர்மை!"