ஒரு வார்த்தை ஏசாதவள்

“குடிச்சப்ப நடந்தது மறுநாள் சுத்தமா மறந்துபோனதுண்டா, அண்ணாச்சி?”

கேட்டுவிட்டுப் பேனாவோடு காத்திருந்தாள் சுமைரா. சமூகப்பணி முதுகலைப் படிப்புக்கான ஆய்வு அது. பட்டாசுத் தொழிலாளர்களில் குடியை விட்டவர்கள் எத்தனை பேர், திரும்ப அதில் விழாமல் நிற்பவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று கண்டறிய வேண்டும். வத்தல் மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண்ணுக்குக் குடிகாரர்களோடு என்ன பேச்சு என்று விருதுநகரில் அவள் வீட்டில் தினமும் காலையில் ஒரு பாட்டு உண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சூலக்கரைப் பக்கம் இருந்த இந்த மறுவாழ்வு இல்லத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள்.

எதிரே இருந்தவர் சண்முகவேல். வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். இல்லத்துக்கு வந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. கை நடுக்கம் நின்று, முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. இன்று சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

“எம்புட்டோ மறந்துருக்கு தாயி. மறக்கக் கூடாத ஒண்ணையும் மறந்துட்டேன். எம்மக பொன்னுத்தங்கத்தை நான் வேலைக்கு அனுப்பிவிட்டதை.”

சுமைரா எழுதுவதை நிறுத்தினாள்.

“மூணு வருசமாச்சு. அப்பல்லாம் எனக்குச் சனிக்கிழமை மட்டுந்தான் குடி. அந்தத் தடவை தீபாவளி சீசன் அலுப்புல ஆரம்பிச்சது, விடிஞ்சும் விடல. பிள்ளை நாலு நாளாக் காய்ச்சல்ல கெடந்துச்சு. கம்பெனி வேன் வந்து ஆரன் அடிச்சதும், லோடு நிக்கிது, கெளம்புன்னு அனுப்பிட்டேனாம். மத்தியானம் ஷெட்டு வெடிச்சிருச்சு. பத்தொன்பது வயசு தாயி. எனக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. ஆனா அனுப்புனது நான்தான்னு ஊருக்கே தெரியும். அதுக்குப் பெறகு தெனம் குடிதான்.”

பேச்சை மாற்றலாம் என்று சுமைரா கேட்டாள். “இன்னைக்கு வீட்டுக்குப் போறீகளே, சந்தோசமா இருக்கா?”

“போகல தாயி. இங்கனயே செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுக் கெடக்கேன்னு இல்லத்தை நடத்துற பெரியவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“ஏன்? அக்கா ஏசுவாகளா?”

“ஏசினாத்தான் தேவலையே! வேற பொம்பளைன்னா அருவாளைத் தூக்கியிருப்பா. எம் பொண்டாட்டி வெள்ளைத்தாயி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை ஏசல. குடிச்சிட்டு ரோட்டுல கெடந்தா கூட்டிட்டு வந்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிடுவா. போதையில வாங்கித் தின்னுட்டேன். தெளிஞ்ச பெறகு அவ முகத்தைப் பாக்க முடியல தாயி.”

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆய்வு செய்கிறவர்கள் கண் கலங்கக் கூடாது என்று சுமைராவுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வகுப்பில் சொல்வது சுலபம்.

அவளுக்குப் பயமாகவும் இருந்தது. இதுவரை ஐம்பது பேரைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்குத் திரும்பாதவர்கள் அத்தனை பேரும் ஒரு மாதத்துக்குள் சாராயக் கடைக்குத் திரும்பியிருந்தார்கள். இவர் இன்னொரு முறை குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

கணவனைத் தனியாக, மனைவியைத் தனியாகக் கேட்பதுதான் ஆய்வின் முறை. வெள்ளைத்தாய் வெளியே வேப்பமர நிழலில், புருஷனுக்கு வாங்கிய புதுச்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பலிகொடுத்த அதே தொழிலில்தான் இன்னும் இருக்கிறாள். விரல் இடுக்கில் வெள்ளி நிறப் பட்டாசு மருந்து ஒட்டியிருந்தது.

சுமைரா படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அண்ணாச்சி வீட்டுக்கு வரமாட்டேங்கிறாரு.”

வெள்ளைத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் மேடம்? நான் என்ன குறை வச்சேன்?”

“குறையே வைக்கல. நீங்க ஒரு வார்த்தை ஏசாம இருக்கீகள்ல, அதுதான் அவரை அரிக்குது. மகளை அனுப்புன பாவத்தைச் சுமந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. உள்ள வந்து, ‘நான் மன்னிச்சிட்டேன், வாங்க வீட்டுக்குப் போவோம்’னு சொல்லுங்க. எந்திரிச்சு வந்துருவாரு.”

வெள்ளைத்தாய் சட்டையைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடியும் பிரித்தாள்.

“சொன்னா இனிமே குடிக்க மாட்டாரா?”

“மாட்டாருக்கா.”

“என்னால அதைச் சொல்ல முடியாது மேடம்.”

சுமைராவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற வயிறு எப்படித் துடிக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உள்ளே ஓர் ஆள் செத்துக்கொண்டிருக்கிறாரே!

“மூணு வருசமா அம்புட்டுத் தாங்குனீகளேக்கா. இந்த ஒண்ணுக்கு மனசு வரலையா? தப்பு செஞ்சவரு திருந்தி நிக்கிறாரு. இன்னும் எம்புட்டு நாளைக்குத் தண்டிப்பீக?”

வெள்ளைத்தாய் புதுச்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“ஆஸ்பத்திரியில வச்சு, ‘காய்ச்சக்காரப் பிள்ளையை யாரு அனுப்புனது’ன்னு ஆளாளுக்குக் கேட்டாக மேடம். பயத்துல என் வாயில அவரு பேரு வந்துருச்சு, அவரும் நம்பிட்டாரு. அன்னைக்குக் காலையில நிக்க முடியாத போதையில கதவுக்குக் குறுக்க விழுந்து, ‘பிள்ளைக்கு உடம்பு காயுது, அனுப்பாத’ன்னு என் காலைப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு, குடிகாரன் உளறுறான்னு அவரை ஒதுக்கித் தள்ளிட்டு, பிள்ளையை அனுப்பிவிட்டது நான்!”