கண்ணீர் வரல, டாக்டர்!

“டாக்டர், காலையிலேருந்து வாந்தி, பேதி. உடம்பு துவண்டு கெடக்கு!” போனில் அவள் பதறினாள்.

“ஒண்ணுக்குப் போச்சா?” என்றார் குழந்தை டாக்டர்.

“ஒரு தடவைகூட இல்ல. நாக்கு வறண்டு, கண்ணு குழிவிழுந்துடுச்சு.”

“அழுதா கண்ணீர் வருதா?”

“அழுகைதான் வருது, கண்ணீர் வரல!”

“உடம்புல தண்ணியே இல்லம்மா. உடனே தூக்கிட்டு வாங்க!”

சற்று நேரத்தில் அவளுடைய இரண்டு வயது மகன் ஓடிவந்து டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை இழுத்தான். அவர் அதைத் திரும்பப் பிடுங்கியதும் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டான்.

“நல்லாத்தானேம்மா இருக்கான்?”

“இவனுக்கு நேத்தே சரியாயிடுச்சு டாக்டர். இவன்கிட்டேருந்து அவருக்கு ஒட்டிக்கிச்சு.”

பின்னாலேயே இரண்டு பேர் அவளுடைய ஆறடிக் கணவரைச் சுமந்து வந்தார்கள்.

“நான் குழந்தைங்களுக்குத்தான் பார்ப்பேன்!”

“இவரும் குழந்தை மாதிரிதான் டாக்டர். ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கிறார்.”

நர்ஸ் டிரிப்ஸ் எடுக்க ஓடினாள். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா கையிலிருந்த உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூனில் அள்ளினான்.

“அப்பா, ஆ காட்டு... சமத்துல்ல!”

அப்பா ஆ காட்டினார்.