வேடியப்பன் கல்லுக்கு அடியில்

"கல்லைத் தர முடியாதுங்க."

சாலம்மாள் திரும்பத் திரும்ப இதையே சொன்னாள். விழாக் குழுத் தலைவர் மதியழகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

சிவக்காமல் என்ன செய்யும்? எந்தக் காலத்திலோ இந்த மலையடிவாரத்தில் நடந்த போரில் செத்தவர்களுக்கு ஒரு நினைவு நாள் வேண்டும் என்று, தருமபுரிக்கும் சென்னைக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்தவர் அவர். அரசும் அறிவித்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை முதன்முதலாகப் போர் நினைவு நாள். கலெக்டர் வருகிறார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மண்டபம் கட்டி, பெயின்ட் அடித்து, சீரியல் லைட்கூடத் தொங்கவிட்டாயிற்று.

மண்டபத்தில் நிற்க வேண்டிய வீரன் மட்டும் சாலம்மாளின் ராகிக் கொல்லையில் நிற்கிறான். கையில் வாள், நெஞ்சில் அம்பு. நடுகல் என்று படித்தவர்கள் சொல்வார்கள். ஊர் அவனை வேடியப்பன் என்று கும்பிடும்.

"ஏம்மா, நாட்டுக்காக உசுர வுட்டவனோட கல்லு இது. அதோட அருமை உனக்குத் தெரியுமா?"

சாலம்மாள் கல்லை ஒட்டி நின்றுகொண்டு சொன்னாள்.

"இங்கயே வந்து மாலை போடுங்க. ராகிய அறுத்துட்டு வழி வுடறேன். தோண்ட மட்டும் வேணாங்க."

ஊருக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? சாயங்காலத்துக்குள் டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள்.

"அடியில புதையல் இருக்குதுடா!"

"அதான் விடிஞ்சதும் கல்லுகிட்ட போயி உக்காந்துக்கறாளா?"

"புருசன் இல்ல, புள்ள இல்ல. யாருக்குச் சேத்து வெக்கறாளாம்?"

சனிக்கிழமை காலையில் கொல்லைக்குள் ஜே.சி.பி. இறங்கியது. மதியழகன் வெள்ளை வேட்டியில் முன்னால் நின்றார். பின்னால் ஊரே நின்றது. எல்லோரும் கல்லைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று சொன்னால் நம்ப வேண்டியதுதான்.

சாலம்மாள் ஓடிப்போய்க் கல்லைக் கட்டிக்கொண்டாள். பக்கத்துக் கொல்லை தீர்த்தம்மாள்தான் அவளைப் பிரித்து இழுத்தாள்.

"வா சாலம்மா. ஊரப் பகச்சுக்கிட்டு எங்க போயி பொழைப்ப?"

ராகிக் கதிர்கள் நசுங்கின. வேடியப்பன் சங்கிலியில் தொங்கியபடி டிராக்டர் டிரெய்லருக்குப் போனார். அவர் நின்ற குழியில், வாயில் மஞ்சள் துணி கட்டிய ஒரு மண் கலயம் தெரிந்தது.

"நாந்தான் சொன்னன்ல!" என்று ஜே.சி.பி. ஓட்டுகிற அன்பு கீழே குதித்தான். கூட்டம் ஒருவர் தோளில் ஒருவர் ஏறியது.

"யாரும் தொடக் கூடாது! மண்ணுல கெடச்சா அது அரசாங்கத்துச் சொத்து" என்று மதியழகனே குழிக்குள் இறங்கினார். கலயத்தை எடுத்துத் துணியை அவிழ்த்தார்.

சாம்பல். கொஞ்சம் எலும்பு. அதன் மேல், பட்டாளத்துச் சட்டையில் குத்துகிற பெயர்த் தகடு ஒன்று. மதியழகன் அதைத் துடைத்து, மெல்ல வாசித்தார்.

"சின்னராஜ்."

சின்னராஜ் சாலம்மாளின் ஒரே மகன். பட்டாளத்துக்குப் போனவன். அங்கே என்ன பார்த்தானோ, என்ன பட்டானோ பாவம், போன வருஷம் முகாமிலேயே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். சண்டையில் செத்திருந்தால் ஊரே கொடி பிடித்திருக்கும். தானே சாவைத் தேடிக்கொண்டவனுக்கு மேளமும் இல்லை, கல்லும் இல்லை என்பது இங்கே வழக்கம். அவன் உடல் வந்த பெட்டியை ஊருக்குள்ளேயே விடவில்லை; தருமபுரிச் சுடுகாட்டிலேயே எரிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு ரோட்டில் நின்று வண்டியை மறித்தவர்களில் முதல் ஆள் மதியழகன்.

"ஒகேனக்கல்ல கரைச்சுடுன்னாங்க. மனசு வரலீங்க" என்றாள் சாலம்மாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "எல்லாரும் போ போன்னாங்க. வேடியப்பன் ஒருத்தருதான் எப்படிச் செத்தான்னு கேக்கல. பட்டாளத்துக்காரன் படற பாடு அவருக்குத் தெரியும்னு அவரு காலடியில வெச்சேன்."

டிரெய்லரில் வேடியப்பன் மல்லாந்து கிடந்தார். அன்பு என்ஜினை நிறுத்தினான். புதையல் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக வரப்பில் ஏறி நடந்தார்கள்.

கலயத்தை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. மதியழகன் கலயத்தோடு குழிக்குள்ளேயே நின்றார்.

"இத... இத நான் எங்கம்மா வெக்கறது?"

சாலம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெட்டியோட ஊரு எல்லையில நின்னு, நானும் உங்கள இதத்தாங்க கேட்டேன்."