வாரிசு அனுபவம்

இறந்தவரின் வேலை அனுபவம் வாரிசுக்குச் சேரும் என்று சட்டம் வந்த வருடம்தான், பம்பு மெக்கானிக்கான என் கணவர் நாச்சிமுத்து இறந்தார். நான் பொறியியல் படித்துவிட்டு ஒன்பது வருடமாகத் துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன்.

பம்பு கம்பெனி மேனேஜர் கேட்டார்: “பழக்கி உடறதெல்லாம் இங்க இல்லீங்க. அனுபவம் இருக்குதா?”

“பதினாறு வருசம் இருக்குதுங்க. எங்க வீட்டுக்காரரோடது.”

மோட்டாரை ஓடவிட்டார்கள். என் கை தானாக ஸ்க்ரூடிரைவரை அதில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தது. அவரைப் போலவே கண்களை மூடிக்கொண்டேன்.

“பேரிங் போயிருச்சுங்க.”

அன்றே வேலை கிடைத்தது.

இப்போது நான்தான் மேனேஜர். நேற்று வேலை கேட்டு வந்த பட்டதாரிப் பெண் தயங்கினாள்: “எங்க வீட்ல இன்னும் யாரும் சாகலீங்கக்கா.”

“யாரும் சாக வேண்டாம் கண்ணு. நாளைக்கு வந்துரு, பழக்கி உடறேன்.”