மிச்சப் பால்

குஞ்சம்மாள் மதில் மேலே எட்டிப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு ஹுசைன் பீ ஒரு டம்ளர் தாய்ப்பாலை மருதாணிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கால் படாத இடமாகப் பார்த்துத்தான் ஊற்றினாள். இருந்தாலும் குஞ்சம்மாளுக்கு வயிறு எரிந்தது.

"இன்னாக்கா இது? உள்ளார உன் பேத்தி பால் இல்லாம கத்துது. நீ செடிக்கு ஊத்திக்கினு இருக்கிற."

"அது எங்க ஊட்டு சங்கதி. நீ போய் உன் அடுப்பப் பாரு" என்று சொல்லிவிட்டு, ஹுசைன் பீ டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் அப்போது இரண்டு கைக்குழந்தைகள். ஒன்று, மருமகள் மெஹர் பானுவின் மூன்று மாத ஆண் குழந்தை. இன்னொன்று, பிரசவத்துக்காக அனந்தபுரத்திலிருந்து தாய்வீடு வந்த மகள் அசீசுன்னிசாவின் பெண் குழந்தை. அதற்கு இன்னும் நாற்பது நாள்கூடக் கழியவில்லை.

மெஹர் பானு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். திங்கட்கிழமை லீவு முடிகிறது. பெற்ற பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, ஊராருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கான ஒத்திகை ஒரு வாரமாக நடந்தது.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய, ரப்பர் பந்து வைத்த கண்ணாடி பம்பால் பாலை எடுப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எடுப்பாள். வெந்நீரில் கழுவிய டம்ளரில் ஊற்றி மூடி, ஈரத்துணி சுற்றி, தண்ணீர் நிரப்பிய மண்சட்டிக்குள் வைப்பாள். மாமியார் அதைப் பாலாடையில் எடுத்துப் பேரனுக்குப் புகட்டிப் பழக்கினாள். மிஞ்சியது மருதாணிச் செடிக்குப் போனது.

அசீசுன்னிசாவுக்கோ காய்ச்சலில் பால் வற்றிவிட்டது. டப்பாப் பால் ஒத்துக்கொள்ளாமல் அவள் குழந்தைக்கு வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. தாய்ப்பால் கிடைத்தால்தான் தேறும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"மாமி, என் பாலைக் குடுங்களேன். எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது" என்று மெஹர் பானு கேட்டுப் பார்த்தாள்.

முடியவே முடியாது என்றாள் ஹுசைன் பீ.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரே தாயிடம் பால் குடித்த குழந்தைகள் அவர்கள் மார்க்கப்படி கூடப்பிறந்தவர்கள். பிறகு அவர்களுக்குள் நிக்காஹ் கிடையாது. இந்த இரண்டுக்குமோ நிக்காஹ் பேசி முடிந்துவிட்டது. "என் பேரனுக்கு இவதான்" என்று ஹுசைன் பீயின் கணவர் பீர் முகமது சொந்தபந்தம் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். பிறந்தது பெண்ணா என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த அசீசுன்னிசாவின் மாமியார், அந்த வாக்குக்குப் பிறகுதான் சிரித்தாள்.

வாக்குப் போனால் அந்த வீட்டில் தன் கதி என்ன என்று அசீசுன்னிசாவுக்குத் தெரியும். அண்ணியின் பால் வேண்டாம் என்று அவளே அழுதுகொண்டு சொல்லிவிட்டாள்.

குஞ்சம்மாள் விடவில்லை. இருபது வருசம் கழித்து நடக்கிற கல்யாணத்துக்கு இன்றைக்கே பந்தல் போடுகிறார்கள், அதுவரைக்கும் பெண் இருக்க வேண்டாமா என்று தெருவெல்லாம் கேட்டாள். ஹுசைன் பீயின் நெஞ்சை ஊர்க் கோட்டை மலைப் பாறையிலிருந்துதான் வெட்டி எடுத்திருப்பார்கள் என்று தெரு முடிவு கட்டியது.

திங்கட்கிழமை மெஹர் பானு இரண்டு டம்ளர் பால் எடுத்து வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டும் காலி. ஒன்றைப் பேரன் குடித்தான், இன்னொன்று கை தவறிக் கொட்டிவிட்டது என்றாள் ஹுசைன் பீ.

செவ்வாய்க்கிழமையும் கொட்டியது. புதன்கிழமையும் கொட்டியது.

மெஹர் பானுவுக்கு அழுகை வந்துவிட்டது. மார்பு கன்றிப்போய் எடுக்கிற பால். தான் வேலைக்குப் போவது மாமிக்குப் பிடிக்கவில்லை, அதைத்தான் இப்படிக் காட்டுகிறாள் என்று கணவனிடம் சொன்னாள். அவன் அம்மாவை ஒரு பிடி பிடித்துவிட்டான். ஹுசைன் பீ பாலாடையைக் கழுவ எழுந்து போய்விட்டாள். கேட்டவருக்கெல்லாம் உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தே பழகியவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்திலிருந்து சம்பந்தியம்மாள் வந்தாள். தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி, டாக்டர் மருந்து நன்றாகவே கேட்டிருக்கிறது, கன்னத்தில்கூடச் சதை வைத்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

பீர் முகமதுவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்த வீட்டுக்கு மருமகளா வரப்போறவ. தேறாம இருப்பாளா?" என்றார்.

ஹுசைன் பீ பாலாடையைக் கீழே வைத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சம்பந்தியம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"என் பொண்ணுக்கும் தெரியாது, மருமகளுக்கும் தெரியாது. ஏசறதுன்னா என்னை மட்டும் ஏசுங்க" என்றாள். பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பேத்திக்கு வேற எடத்துல மாப்ள பாருங்க. இதுங்க ரெண்டும் திங்கக்கிழமையிலேர்ந்து அண்ணன் தங்கச்சி."