மூடிய வாசகசாலை

"வீட்டு வரியை ஏத்தக் கூடாதுன்னு ஊரே கூச்சல் போட்டுச்சு. செலவைக் குறைக்கத்தானம்மா வாசகசாலையை மூடினோம். இப்போ திறங்கன்னா எப்படி?" என்றார் நகராட்சி எழுத்தர்.

"வரியை ஏத்திக்கோங்க. எங்க வீட்டுக்கே முதல்ல ஏத்துங்க," என்று மனுவை நீட்டினாள் அவள்.

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "படிப்புமேல அவ்வளவு பைத்தியமா?"

"அதை மூடின இந்த ஒரு மாசமா எனக்கு மூச்சே முட்டுதுங்க."

காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, அவளுக்கென்று நாளில் இருந்தது அந்த நான்கு மணி நேரம்தான். தன் மனம் பேசுவது அப்போதுதான் அவள் காதில் விழும்.

எழுத்தர் நெகிழ்ந்துபோனார். "கமிஷனர்கிட்ட நானே சொல்றேன். தினமும் என்னம்மா படிப்பீங்க?"

"நான் அந்தப் பக்கமே போனதில்லையே! அங்கேயே கிடந்தது எங்க வீட்டுக்காரர். வரி கூடாதுன்னு வீடு வீடாக் கையெழுத்து வாங்கினவரும் அவர்தான். ரிட்டயர் ஆனவர், இப்போ அடுப்படியில நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கு வெங்காயம் நறுக்கக் கத்துக்கொடுக்கிறார்."

எழுத்தர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் அவருக்கும் ஓய்வு.

"மனுவைக் கொஞ்சம் இங்கேயே வெச்சுட்டுப் போங்கம்மா," என்றார். "எங்க வீட்டம்மாவும் ஒரு கையெழுத்துப் போடுவாங்க."